ஒட்டுத்துணிச் சட்டை: செலவே இல்லாத தொழிலா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில், பழைய துணிகளைச் சேர்த்துச் சட்டை, கோட்டு தைத்து விற்கும் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன, எழுதியவருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் மேலே கொட்டை எழுத்தில் 'செலவே இல்லாத தொழில்' என்று போட்டுவிட்டீர்கள் பாருங்கள், அன்றிலிருந்து எனக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. கடைக்கு வருகிறவர்கள் "பேப்பர்லயே போட்டிருக்கே, பழைய துணிதானே, இதுக்குப் போய் 2,400 ரூபாயா?" என்கிறார்கள். இன்னொரு பக்கம் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் மிஷின் வாங்க மகளிர் குழுவில் கடன் கேட்டு நிற்கிறார்கள், வீட்டில் ஆளுக்கொரு மூட்டைப் பழைய சேலையைக் கட்டி வைத்துக்கொண்டு. விலை பேசுகிறவர்களிடம் நான் சண்டை போட்டுக்கொள்வேன், அது பழக்கம்தான். கடன் கேட்டு நிற்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

குன்னூரில் 11 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் இதெல்லாம்தான் அன்றாடம். ஒட்டுத்துணி வேலை, அதாவது இப்போது எல்லாரும் சொல்கிற பேட்ச் ஒர்க், ஆறு வருடமாக. ஆனால் ஒட்டுப் போடுவதை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. எங்கள் குடும்பம் 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கை மலையகத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். அம்மா கோத்தகிரிப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். இடுப்பில் கட்டுகிற படங்கில், அதாவது சாக்குத் துணியில், தேயிலைக் கம்பு குத்திக் குத்தி முதலில் கிழிவது தொடைக்கு நேராகத்தான், அதனால் அந்த இடத்தில் சாக்கு இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பாக ஏறிக்கொண்டே போகும். மழைக்குத் தலையோடு போர்த்துகிற கம்பளியிலும் அப்படித்தான். அதை யாரும் டிசைன் என்று சொல்லவில்லை. ஒட்டுப்போட்ட பாவாடையோடு நான் பள்ளிக்கூடம் போனபோது கிண்டல்தான் பண்ணினார்கள். அதே ஒட்டை இப்போது பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் தடவித் தடவிப் பார்த்து வாங்குகிறார்கள். எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் கோபமும் வரும். சரி, அது வேறு கதை.

முதலில், பழைய துணி சும்மா கிடைக்கிறது என்ற பேச்சு. கிடைக்கிறதுதான், ஆனால் கிடைப்பதெல்லாம் துணி இல்லை. ஒரு வீட்டிலிருந்து பத்துச் சட்டை வந்தால் அதில் காலரும் கைப்பட்டியும் நைந்திருக்கும், அக்குள் மஞ்சளித்திருக்கும், முதுகுப்பக்கம் மட்டும் புதுசு மாதிரி இருக்கும். ஒரு சட்டையில் எனக்குத் தேறுவது அந்த முதுகும், முன்பக்கத்தில் பாதியும்தான். ஜீன்ஸில் முழங்காலும் தொடையின் உட்பக்கமும் போயிருக்கும், கெண்டைக்காலுக்குப் பின்னால் இருக்கிற துணி நன்றாக இருக்கும். சேலையில் கீழ்க்கரை தேய்ந்து போகும், ஆனால் இடுப்பில் செருகுகிற உள்தலைப்பு வெயிலே பார்த்திருக்காது, பத்து வருடச் சேலையிலும் அந்த முழம் அசல் நிறத்தோடு அப்படியே இருக்கும். இதையெல்லாம் துணியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். கையில் கெட்டியாகத் தெரிகிற துணி வெளிச்சத்தில் சல்லடையாக இருக்கும். அதைப் பிரித்து, தையலை அறுத்து, பட்டனை எடுத்து, நல்ல இடத்தை மட்டும் வெட்டி வைக்க ஒரு ஆளுக்கு ஒரு நாள் முழுக்கப் போகும். அந்த நாளுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்?

திருப்பூர் கட்டிங் வேஸ்ட், அதாவது பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சுகிற துண்டுத்துணி பற்றியும் கட்டுரையில் இரண்டு வரி இருந்தது. நானும் வாங்குகிறேன். மேட்டுப்பாளையம் இறங்கி அன்னூர், அவினாசி வழியாகப் போய், கிலோ கணக்கில் மூட்டை வாங்கி, பஸ்ஸில் கண்டக்டரோடு லக்கேஜுக்குச் சண்டை போட்டுக் கொண்டு வருவேன். மூட்டையைப் பிரித்தால் கை வெட்டின துண்டும் கழுத்து வெட்டின துண்டும் ஓரப் பட்டியும்தான் பாதிக்கு மேல். மிஷின் துடைக்கத்தான் அது போகும். உள்ளங்கையை விடப் பெரிய துண்டு கிடைத்தால் அன்றைக்கு எனக்கு அதிர்ஷ்டம். அதுவும் பனியன் துணி, இழுத்தால் நீளும். நீளாத சட்டைத் துணியோடு அதைச் சேர்த்துத் தைத்தால் மிஷின் ஒன்றை இழுக்கும், மற்றதை விடும், கடைசியில் தையல் வாழைப்பூ மடல் மாதிரி அலை அலையாகச் சுருண்டுகொள்ளும். அதற்குப் பின்னால் ஃப்யூசிங், அதாவது சூட்டில் ஒட்டிக்கொள்கிற உள்துணி, வைத்து இஸ்திரி போட்டு அதன் நீளுகிற புத்தியை அடக்கணும், ஊசியும் முனை மழுங்கிய பனியன் ஊசியாக மாற்றணும். ஜீன்ஸ் துண்டு வந்தால் மறுபடி 16 நம்பர் ஊசி. ஒரே கோட்டுக்குள் மூன்று தடவை ஊசி மாற்றுவேன். புதிதாக வருகிற பிள்ளைகள் ஒரே ஊசியில் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு, தையல் விட்டு விட்டு விழுகிறது, மிஷின் சரியில்லை என்பார்கள்.

அப்புறம், எந்தத் துணி எது என்று தெரியணும். லேபிள் எல்லாம் என்றைக்கோ அறுத்துப் போட்டிருப்பார்கள். நான் ஓரத்தில் ஒரு நூலை உருவி மெழுகுவர்த்தியில் காட்டிப் பார்ப்பேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் பொடியாகும். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம், தீயை எடுத்ததும் அதுவாக அணையும். பாலியஸ்டரும் அக்ரிலிக்கும் உருகி, ஆறினதும் குண்டூசித் தலை மாதிரிக் கெட்டியான மணியாகும். இது விளையாட்டுக்கு இல்லை. ஊட்டியில் சீசன் முடிந்து வருகிற பழைய ஸ்வெட்டர்களில் அசல் கம்பளி எது என்று தெரிந்துவிட்டால், அதை வெந்நீரில் சோப்புப் போட்டுக் கசக்கினால் சுருங்கித் திக்காகிக் கம்பளம் மாதிரி ஆகிவிடும். அப்புறம் கத்தரி வைத்து எப்படி வெட்டினாலும் இழை பிரியாது, ஓரம் மடிக்காமலே தைக்கலாம். அக்ரிலிக் ஸ்வெட்டரை அதே மாதிரி கொதிக்க வைத்தாலும் அது சுருங்காது, வெட்டின இடத்தில் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். நான் முதல் வருடம் ஏழு ஸ்வெட்டரை இப்படி வெட்டிப் பாழாக்கிவிட்டுத்தான் மெழுகுவர்த்தி வாங்கினேன்.

என் பெரிய தப்பு அது இல்லை, வேறு ஒன்று. ஆரம்பத்தில் ஒரு டீச்சருக்குக் குர்தா தைத்தேன், பழைய எட்டு முழ வேட்டி வெள்ளைக்கு நடுநடுவே புது சிவப்புக் கதர். பார்க்க அவ்வளவு அழகு, கடை வாசலில் இரண்டு நாள் மாட்டி வைத்துத்தான் கொடுத்தேன். ஒரே சலவை. வேட்டி பூராவும் ரோஸ் ஆகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, வேட்டி ஐம்பது தடவை துவைத்த துணி, அது இனிச் சுருங்காது, கதர் புதுசு, அது சுருங்கிவிட்டது, அதனால் ஒவ்வொரு கட்டமும் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. டீச்சர் திட்டவில்லை. மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு "பரவாயில்லம்மா" என்று போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து புதுத்துணி எதுவானாலும் இரண்டு தடவை துவைக்காமல் கத்தரி வைப்பதில்லை. அடர் நிறம் என்றால் ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணிக்குள் சுருட்டி ராத்திரி முழுக்க வைப்பேன், காலையில் வெள்ளையில் கறை இருந்தால் அந்தத் துணி வெள்ளையோடு சேராது, அடர் நிறங்களோடு மட்டும் போகும்.

துவைப்பது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். குன்னூர், கோத்தகிரியில் இருக்கிறவர்களுக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் துணி காய வைப்பது என்றால் என்ன என்று தெரியும். வெயிலே வராது. கதவைத் திறந்தால் மஞ்சு, அதாவது பனிமூட்டம், வீட்டுக்குள் வந்து உட்காரும். மூன்று நாள் கொடியில் கிடந்தும் ஈரம் போகாது, நாலாம் நாள் பூசண வாசனை வரும், அதை மறுபடி துவைக்கணும். இந்தத் தொழிலில் எனக்கு அதிகம் செலவானது துணியும் இல்லை நூலும் இல்லை, தண்ணீரும் சோப்பும் அடுப்பும்தான். கீழே சமவெளியில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு செலவாகவே தெரியாது, மொட்டை மாடியில் போட்டால் ஒரு மணி நேரம்.

தைப்பதைப் பற்றிச் சொல்கிறேன், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு கோட்டுக்கு அறுபது, எழுபது துண்டு ஆகும். தரையில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைப்பேன். பவானி ஜமக்காளத்தில் தேய்ந்தது போக மிஞ்சின ஒரு பட்டை, சென்னிமலைப் போர்வையில் ஒரு கட்டம், ஹோட்டலில் கழித்துப்போட்ட திரைச்சீலை, யாரோ ஒருவரின் காக்கி. எடை பார்க்கணும், கனமான ஜமக்காளத்துக்குப் பக்கத்தில் மெல்லிய வாயில் ரகச் சேலையை வைத்தால் கனம் மெலிசை இழுத்துத் தையல் ஓரத்திலேயே கிழித்துவிடும், அதனால் மெலிசுக்குப் பின்னால் இன்னொரு துணி வைத்துத் தடிமனைச் சரி பண்ணணும். வாட்டம் பார்க்கணும், ஒரு துண்டு நீளவாட்டிலும் பக்கத்துத் துண்டு கிராஸிலும், அதாவது மூலைவாட்டிலும், போய்விட்டால் கோட்டு ஒரு மாதத்தில் ஒரு பக்கமாகத் தொங்கும். நிறம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். டியூப் லைட்டில் அண்ணன் தம்பி மாதிரித் தெரிந்த இரண்டு நீலம் காலை வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும், அதனால் ராத்திரி பரப்பியதை ராத்திரியே தைக்க மாட்டேன். சில சமயம் ஒரே ஒரு துண்டு இடம் மாறினால் போதும், எல்லாம் பேச ஆரம்பித்துவிடும், அது எந்தத் துண்டு என்று கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போய்விடும், மகள் பாயைத் தாண்டித் தாண்டிப் போவாள்.

இதற்கப்புறம்தான் மிஷின். சின்னத் துண்டுகளைப் பட்டையாக, பட்டைகளைப் பெரிய துணியாகச் சேர்த்து, ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட்டு, அதன் மேல் அளவுத் தாளை வைத்து வெட்டி, வெட்டின உடனே ஓரத்தில் ஒரு தையல் ஓட்டணும், இல்லாவிட்டால் குறுக்கே வெட்டுப்பட்ட பழைய தையல் எல்லாம் பிரிய ஆரம்பிக்கும். உள்ளே கட்டாயம் லைனிங், அத்தனை பிசிறும் உடம்பில் குத்தக் கூடாதே.

சரி, கணக்குக்கு வருகிறேன். 2,400 ரூபாய்க் கோட்டில் லைனிங், ஃப்யூசிங், நூல், ஜிப் எல்லாம் புதுசு, அதற்கு 500 போய்விடும். மீதி 1,900. வேலை நாலு நாள், பிரித்துத் துவைத்ததைச் சேர்க்காமல். நாளைக்கு 475 வருகிறது, அதில்தான் கடை வாடகை, கரண்ட், மேட்டுப்பாளையம் பஸ். அந்த நாலு நாளும் லைனிங் பிளவுஸ் தைத்தால் இதைவிடக் கூடவே பார்ப்பேன். பின் ஏன் செய்கிறாய் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, பிளவுஸும் வராது, அந்த இரண்டு மாதம் மிஷின் சும்மா இருக்கக் கூடாது. அப்புறம், பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கடன் வாங்கி இதை மட்டும் நம்பி இறங்கினால் முதல் தவணைக்கே தாலிக்கொடியைப் பார்க்க வேண்டி வரும். சாதாரணத் தையல் கையில் இருக்கட்டும், அதன் பக்கத்தில் இதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அந்த மூன்று பேரிடமும் சொன்னேன். இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி நான் போட்டிக்குப் பயந்து சொல்கிறேன் என்று நினைக்கிறாள்.

இன்னொரு விஷயம், ஆர்டர். கட்டுரையில் 'ஆர்டர் குவிகிறது' என்று இருந்தது. சீசனில் மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வருகிற கூட்டத்தில் பத்துப் பேர் கடைக்கு வந்தால் எட்டுப் பேர் கேட்பது "இதே மாதிரி இன்னொன்னு எம் சைஸ்ல இருக்கா?" என்றுதான். இல்லை. அந்தத் திரைச்சீலை ஒன்றுதான் இருந்தது. போட்டோவைக் காட்டி ஐம்பது பீஸ் கேட்ட வியாபாரி ஒருவரும் உண்டு, ஐம்பதும் ஒரே மாதிரி வேண்டுமாம். அதற்குப் புதுத்துணி வாங்கிக் கிழித்துத்தான் தைக்கணும், நல்ல கூத்து.

இதில் எனக்கு மறக்காதது போன வருடம் வந்த ஒரு அண்ணன் தங்கை. அந்தப் பெண் இறந்துபோன அப்பாவின் ஏழு சட்டையைக் கொண்டு வந்து கோட்டாக்கித் தரச் சொன்னாள். ஒரு சட்டைப் பையில் பேனா கசிந்த நீல மைக்கறை இருந்தது. "அதைப் போக்கிடாதீங்கக்கா" என்றாள். பையை அப்படியே நெஞ்சுப் பக்கத்தில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அவள் அண்ணன் வந்து நின்றார், தங்கச்சிக்குத் தைத்த அதே மாதிரி எனக்கும் ஒன்று. எங்கே போவேன் துணிக்கு? மூட்டையில் மிஞ்சியிருந்தது காலர்களும் கைப்பட்டிகளும்தான், எல்லாம் நைந்தவை, நானே தள்ளி வைத்தவை. அவற்றை ஒரு பழைய கம்பளிப் போர்வைமேல் வரிசையாக வைத்து, நைந்த இடம் எல்லாம் அம்மா படங்குக்குப் போடுகிற மாதிரி நெருக்கி ஓட்டுத்தையல் போட்டு, ஒரு கையில்லாக் கோட்டு பண்ணினேன். பதினாலு கைப்பட்டி, ஏழு காலர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கைப்பட்டியின் பட்டனைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். பணத்தை எண்ணாமல் வைத்துவிட்டுப் போனார், எண்ணிப் பார்த்தால் நூறு ரூபாய் குறைந்தது, அதுவும் உண்மை.

எல்லாத் துணியையும் வெட்டிவிட முடியாது என்பதையும் சொல்லணும். ஒருவர், தோடர் பழங்குடியினர் பூவேலை செய்து போர்த்துகிற பழைய பூத்துக்குளிப் போர்வை ஒன்றில் எலி கடித்த ஓட்டையோடு வந்து, இதை ஜாக்கெட் ஆக்கு என்றார். தோடர் பெண்கள் அந்தச் சிவப்பும் கறுப்புமான வேலையைக் கோடு போடாமல், துணியின் நூலை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள், 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நான் கத்தரி வைக்க மாட்டேன் என்று சொல்லி, ஓட்டையைச் சரி பண்ணத் தெரிந்த ஒரு தோடர் அக்காவிடம் அனுப்பினேன். அதே மாதிரிப் பூவை மிஷினில் அச்சடித்து ஒட்டுத்துணியோடு சேர்த்துத் தோடர் வேலை என்று விற்கிறவர்களும் இந்த மலையில் இருக்கிறார்கள், வாங்குகிறவர்கள் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்து வாங்குங்கள்.

கட்டுரையில் இதை 'மேலைநாட்டு ஃபேஷன்' என்று எழுதியதும் எனக்கு ஒப்பவில்லை. தஞ்சாவூர் பக்கம் தேரில் தொங்கவிடுகிற தொம்பையைப் பார்த்திருப்பீர்கள், கலர் கலராக வெட்டின துணியை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்ததுதானே அது? கர்நாடகத்தில் ஹளியாள், எல்லாப்பூர் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி சமூகப் பெண்கள் பழைய துணியில் கவந்தி என்று போர்வை தைக்கிறார்கள், ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வருகிற ஓட்டுத்தையல், நாலு மூலையிலும் மடித்துவைத்த பூ. அமெரிக்காவில் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்க் கறுப்பினப் பெண்கள் வயல் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த உடுப்பில் தைத்த போர்வைகளை 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் படம் மாதிரிச் சுவரில் மாட்டினார்களாம், மகள் செல்லில் காட்டினாள். அதில் ஒன்று அசல் எங்கள் அம்மாவின் கம்பளி.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த தடவை இந்த மாதிரி எழுதும்போது துணியின் விலையோடு தைக்கிற கூலியையும் ஒரு வரி போடுங்கள். மாவட்டத்தில் பெண்களுக்கு நடக்கிற இலவசத் தையல் பயிற்சியில் துணி வகை கண்டுபிடிப்பதையும் பழைய துணியைப் பிரித்து எடுப்பதையும் இரண்டு நாளாவது சொல்லிக்கொடுத்தால் நல்லது, இப்போது பாவாடையும் பிளவுஸும் மட்டும்தான் சொல்லித் தருகிறார்கள். 2021-ல் மீண்டும் மஞ்சப்பை என்று அரசு ஆரம்பித்ததற்கு அப்புறம் பை தைக்க மட்டும் நிறையப் பேர் வந்தார்கள், பையில் கை பழகினவர்களுக்கு இது அடுத்த படி.

கட்டுரையைப் படித்துவிட்டு எனக்குத் துணி கொடுக்க நினைக்கிற நல்ல மனசுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். துவைத்துக் கொடுங்கள். உள்ளாடை வேண்டாம், தயவு செய்து. பட்டனையும் ஜிப்பையும் கழற்றிக்கொண்டு கொடுக்காதீர்கள், எனக்கு அதுவும் வேண்டும். இப்போதைக்குக் கொண்டு வராதீர்கள், தை பிறந்ததும் கொடுங்கள், வழி பிறக்கிறதோ இல்லையோ துணி காயும். இந்த வாரம் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்கூட இடமில்லை, நேற்று ராத்திரி ஒரு காக்கிப் பேண்ட் ரசத்தில் விழுந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
குன்னூர், நீலகிரி.